ஸ்லைடைத் திறக்கும் முன்: அலுவலகப் பிரசன்டேஷனுக்கு எண்ணங்களை அடுக்கும் முறை

சென்ற ஆண்டு ஒரு தம்பி அழைத்தார். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் சிறு நிறுவனம் ஒன்றில் விநியோகத்தைப் பார்த்துக்கொள்பவர். "அண்ணே, வெள்ளிக்கிழமை முதலாளிகிட்ட பிரசன்டேஷன். 22 ஸ்லைடு செஞ்சிட்டேன். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார். சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஓர் உணவங்காடியில் உட்கார்ந்து பார்த்தோம். நிறுவனத்தின் கதை, வாடிக்கையாளர் பட்டியல், வேன் செல்லும் பாதையின் வரைபடம், மாவு புளிப்பதன் அறிவியல் என்று வரிசையாக வந்தன. முதலாளியிடம் அவர் கேட்க வந்தது குளிர்சாதன வேன். அது 19வது ஸ்லைடில் இருந்தது.

ஸ்லைடுகள் அழகாகவே இருந்தன. அவர் உழைப்பிலும் குறையில்லை. எண்ணங்களை அடுக்காமல் ஸ்லைடுகளை அடுக்கியதுதான் தவறு. மடிக்கணினியை மூடச் சொன்னேன். அன்று மாலை நாங்கள் செய்ததையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எண்களை மாற்றியிருக்கிறேன், கணக்கின் போக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

படி 1: கேட்பவர் எடுக்க வேண்டிய முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது யார் எதற்குச் சரி சொல்லியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது.

தம்பி முதலில் எழுதியது: "விநியோகத்தில் உள்ள சவால்களை விளக்குவது." விளக்கி முடித்தபின் முதலாளி என்ன செய்வார்? "நல்லா விளக்கினே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். விளக்குவது, பகிர்வது, தெரிவிப்பது என்று முடிகிற வாக்கியம் பேசுபவரின் வேலையைச் சொல்கிறது. நமக்குத் தேவை கேட்பவரின் வேலை. மூன்றாவது முயற்சியில் இப்படி வந்தது: "அடுத்த மாதம் முதல் மூன்று மாதத்துக்குக் குளிர்சாதன வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்க்க முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டும்." யார், எதற்கு, எப்போதிலிருந்து, எவ்வளவு காலம் என எல்லாம் அதில் இருக்கிறது.

எவ்வளவு யோசித்தும் இப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் அந்தக் கூட்டமே தேவையா என்று பாருங்கள். பல சமயம் ஒரு மின்னஞ்சலே போதும்.

கேட்பவர் மாறினால் இந்த வாக்கியமும் மாறும், அதோடு அடுக்கும் மாறும். இதே மாவுக் கதையை வங்கியில் சொன்னால் அவர்கள் தேடுவது கடன் எப்படித் திரும்பி வரும் என்பதை. பேரங்காடியின் கொள்முதல் அதிகாரி, மாவு அலமாரியில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பார். எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் நிறுவன மேம்பாட்டு மானியத்துக்கு விண்ணப்பிப்பவர், அடிப்படை ஆற்றல், புத்தாக்கமும் உற்பத்தித்திறனும், வெளிநாட்டுச் சந்தை என்ற மூன்றில் தன் திட்டம் எதில் அடங்குகிறது என்று முதலில் காட்ட வேண்டியிருக்கும். ஒருவருக்குச் செய்த ஸ்லைடுகளை மேல்தாளை மட்டும் மாற்றி இன்னொருவருக்குக் காட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது பலித்து நான் பார்த்ததில்லை.

படி 2: மனத்தில் உள்ளதையெல்லாம் தமிழிலேயே கொட்டுங்கள்

ஒட்டுத்தாள் ஒரு கட்டு, கறுப்புப் பேனா ஒன்று. ஒரு தாளில் ஒரே எண்ணம். இருபது நிமிடம். எது முக்கியம், எது சில்லறை என்று இப்போது பார்க்க வேண்டாம்.

இங்கே பெரும்பாலான கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். எதிரே சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ என்று எல்லாரும் இருப்பார்கள். அதனால் நாமும் யோசிக்கும்போதே ஆங்கிலத்தில் யோசிக்க முயல்கிறோம். அப்போது எண்ணம் வருவதற்குள் இலக்கணம் வந்து குறுக்கே நிற்கும். நமக்கு எளிதாக வருகிற ஆங்கிலச் சொல் எதுவோ அதற்குள் எண்ணம் அடங்கிப்போகும். தம்பியின் ஸ்லைடில் "விநியோகத் திறன் குறைபாடு" என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொற்றொடர் இருந்தது. தாளில் தமிழில் எழுதச் சொன்னதும், "கடேசிக் கடைக்குப் போறப்ப பாக்கெட்டு பலூன் மாதிரி உப்பிருது" என்று எழுதினார். எது உண்மையைச் சொல்கிறது என்று நீங்களே பாருங்கள். கொட்டுவதும் அடுக்குவதும் தமிழில் நடக்கட்டும். மொழிமாற்றம் ஸ்லைடு செய்யும்போது வந்தால் போதும்.

மேசையில் 34 தாள்கள் சேர்ந்தன. தலைக்குமேல் காற்றாடி சுற்றியதால் ஓரத்துத் தாள்கள்மேல் தே தாரிக் தேநீர்க் குவளையை வைக்க வேண்டியிருந்தது.

படி 3: கூட்டம் கூட்டமாகச் சேருங்கள், பெயரை வாக்கியமாக வையுங்கள்

ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா 1960களில் பரப்பிய முறை இது. களத்தில் திரட்டிய சிதறலான குறிப்புகளிலிருந்து பொருள் காண்பதற்காக அவர் உருவாக்கினார், பிறகு உலகம் முழுக்க அலுவலகங்களுக்குப் பரவியது. ஒன்றோடொன்று சேரும் தாள்களை அருகருகே நகர்த்த வேண்டும். "செலவு", "ஆள்", "வண்டி" என்று முன்கூட்டியே பெட்டி போட்டு நிரப்பக் கூடாது. தாள்கள் சேர்ந்தபின்தான் பெயர்.

நான் பிடிவாதமாக நிற்பது இந்தப் பெயர் விஷயத்தில்தான். ஒரு தாள் கூட்டத்துக்கு "செலவு" என்று பெயர் வைத்தால் நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. "திரும்பி வரும் மாவில் மாதம் ஏறக்குறைய 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போகிறது" என்பது பெயர். அதை மறுக்கலாம், ஒப்புக்கொள்ளலாம், ஆதாரம் கேட்கலாம். இப்படி வாக்கியமாகப் பெயர் வைக்க முடியாத கூட்டம் ஏதாவது இருந்தால், அதில் தாள்கள் இருக்கின்றன, கருத்து இல்லை.

மூன்று தாள் கூட்டம் போதும், மிஞ்சினால் நான்கு. மனிதர் ஒரே நேரத்தில் நினைவில் ஏந்தக்கூடியது ஏழு, இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை மறு ஆய்வு செய்து, உண்மையில் நான்கை ஒட்டித்தான் இருக்கும் என்றார். மதிய உணவுக்குப் பிறகு நடக்கும் கூட்டத்தில் நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

எதிலும் சேராத தாள்களைக் கிழித்துப்போட வேண்டாம். "கேட்டால் எடுப்போம்" என்று ஓர் ஓரத்தில் தனியாக வையுங்கள். தம்பியின் 34 தாள்களில் 15 அங்கே போயின. நிறுவன வரலாறு முழுவதும் போனது. அந்த வரலாற்றை நடத்தியவரே முதலாளிதானே!

படி 4: ஓரத்தில் கிடக்கும் சின்னத் தாளைத் தேடுங்கள்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு அதன் இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் காட்டினார்கள். அவற்றில் ஒன்றின் பெரிய தலைப்பு நிம்மதி தரும் தொனியில் இருந்தது. அதே ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், ஒரு துணைக்குறிப்புக்குள் முக்கியமான செய்தி கிடந்தது: மோதிய துண்டு ஏறக்குறைய 1,920 கன அங்குலம், சோதனைகளில் பயன்படுத்தியதோ 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. கையில் இருந்த சோதனை முடிவுகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் அதன் பொருள். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தனர். விபத்துக்குக் காரணம் அந்த நுரைத்துண்டு. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடையும் எடுத்துக்காட்டி, உயிர் போகும் செய்தி இப்படிப் புதைந்துபோனதை எழுதியது.

நம் கூட்டங்களில் உயிர் போகாது. ஆனால் புதைவது அதே விதமாகத்தான் புதைகிறது. எதிர்பாராத செய்திக்கு வரிசையில் இடம் கிடைப்பதில்லை, அதனால் அது ஓரத்துக்குப் போய்விடுகிறது.

தம்பியின் ஓரத் தாள்களில் ஒன்று: "ஜூரோங் பக்கம்தான் ரிட்டர்ன் ஜாஸ்தி." எவ்வளவு அதிகம் என்று கேட்டேன். போனில் இருந்த கணக்கைப் பார்த்தார். மொத்தம் 46 கடைகள். ஒரு நாளைக்கு 600 பாக்கெட் போகிறது, 48 திரும்பி வருகிறது. வேன் முதலில் போகும் 32 கடைகளிலிருந்து 12தான். மீதி 36ம் ஜூரோங் பக்கம் இருக்கும் கடைசி 14 கடைகளிலிருந்து. அந்தக் கடைகளுக்குப் போய்ச் சேரும்போது உச்சிவெயில், மாவு நாலு மணி நேரம் சாதாரண வேனுக்குள் இருந்திருக்கும்.

"இது எத்தனாவது ஸ்லைட்ல இருந்துச்சு தம்பி?"

"இல்லண்ணே. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்."

மாவு கெடுவது பாக்கெட்டாலோ அரிசியாலோ அல்ல, வேனுக்குள் இருக்கும் நேரத்தால் என்று நிரூபிப்பதே இந்த ஒரு தாள்தான். கடைசி 14 கடைகளும் முதல் 32 கடைகளைப் போல் ஆகிவிட்டால் 36 பாக்கெட் ஐந்தாகும். ஒரு நாளைக்கு 31 பாக்கெட் மிச்சம்.

படி 5: உங்கள் எண்ணை நீங்களே முதலில் உடைத்துப் பாருங்கள்

தம்பியின் கணக்கு எளிமையானது. சாதாரண வேன் வாடகை மாதம் 1,100 வெள்ளி, குளிர்சாதன வேன் 1,900. கூடுதல் 800. பாக்கெட்டைக் கடைக்கு 2.50 வெள்ளிக்குப் போடுகிறார்கள், மாதம் 26 நாள் ஓட்டம். ஒரு நாளைக்கு 13 பாக்கெட் குறைந்தாலே கூடுதல் வாடகை வந்துவிடும் என்றார்.

முதலாளி கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரிந்துவிட்டது: "நீ விற்கிற விலையப் போட்டிருக்கே. எனக்கு நஷ்டம் அடக்க விலைதானே?" வாதம் செய்யலாம்தான். கெடாத பாக்கெட் விற்றிருக்கும், அதனால் விற்பனை விலையே சரி என்று சொல்லலாம். ஆனால் அந்த வாதத்தில் பத்து நிமிடம் போகும், வேன் மறந்துபோகும். கடுமையான எண்ணை நாமே எடுத்துக்கொள்வது நல்லது. அடக்க விலை 1.60 வெள்ளி என்று வைத்தால் 13 பாக்கெட் 20 ஆகிறது.

இன்னொன்று இருந்தது. வாடகை நிறுவனம் சொன்ன விலை பொருள் சேவை வரி சேர்க்காதது. 2024 முதல் அது 9 விழுக்காடு. ஆண்டு விற்றுமுதல் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத நிறுவனம் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. இவர்கள் பதிவு செய்யாதவர்கள். பதிவு செய்யாதவர் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது, அது முழுச் செலவு. ஆக 800 வெள்ளி 872 ஆகிறது, 20 பாக்கெட் 21 ஆகிறது.

13 என்று சொல்லி அறையில் 21க்கு இறங்கி வந்திருந்தால் அதன்பிறகு தம்பி சொல்லும் எந்த எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள். 21 என்று சொல்லிவிட்டு, "அடக்க விலையில், வரியும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்" என்றால் மற்ற எண்களுக்கும் அதே மதிப்பு வந்துவிடும். தேவை 21, எதிர்பார்ப்பது 31. சொல்ல வேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான்.

படி 6: விடையை முதலில் வையுங்கள்

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். நம் பேச்சும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தவர் காப்பி குடித்து, ஊர்க்கதை பேசி, கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வந்த விஷயத்தைச் சொல்வார். அதில் ஒரு மரியாதை இருக்கிறது, நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வாசல்வரை வரமாட்டார். விடை தெரியாமல் காரணங்களைக் கேட்பவர், இது எங்கே போகிறது என்று யோசிப்பதிலேயே பாதிக் கவனத்தைச் செலவழிக்கிறார். விடையை முதலில் சொல்லிவிட்டால் ஒவ்வொரு காரணத்தையும் அதோடு வைத்து எடைபோடுவார்.

தம்பியின் அடுக்கு இப்படி நின்றது. முதல் வாக்கியம்: "திரும்பி வரும் 48 பாக்கெட்டில் 21 குறைந்தால் குளிர்சாதன வேன் தன் கூடுதல் வாடகையைத் தானே கட்டிவிடும். மூன்று மாதம் ஓட்டிப் பார்க்க 2,616 வெள்ளிக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும்." பின் காரணங்கள். மாவு கெடுவது கடைசி 14 கடைகளில். அங்கே நிலைமை சரியானால் 31 பாக்கெட் மிஞ்சும். வேறு வழிகளையும் பார்த்தோம்: வேனை இரண்டு நடையாக அனுப்பினால் ஓட்டுநருக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டும், அது இதைவிட அதிகம். கடைசியாக, பலிக்காவிட்டால் என்ன என்பது: மூன்றாவது மாத முடிவில் குறைவு 21ஐத் தொடாவிட்டால் பழைய வேனுக்குத் திரும்பிவிடுவோம்.

அந்தக் கடைசிப் பகுதியை யாரும் விட்டுவிடாதீர்கள். பணம் போடுகிறவருக்குப் பயம் இருக்கும். வெளியே வரும் வழியை நாமே காட்டிவிட்டால் உள்ளே வருவது அவருக்கு எளிதாகிறது.

"எடுத்த எடுப்பிலேயே காசு கேட்டா மரியாதைக் குறைவா தெரியாதாண்ணே?" என்றார் தம்பி. நியாயமான கேள்வி. முதலாளி அப்பா வயதுக்காரர், தேக்காவில் கடை போட்டு வளர்ந்தவர். அப்படிப்பட்டவரிடம் முந்தின நாளே தனியாகப் போய், "ஐயா, நாளைக்கு வேன் விஷயமா உங்க ஒப்புதல் கேக்கப்போறேன், ஒரு பார்வை பாத்துருங்க" என்று சொல்லிவிடலாம். மரியாதையும் நிற்கும், அவருடைய பெரிய ஆட்சேபணையும் அன்றே தெரிந்துவிடும். சபையில் முதன்முறையாகக் கேள்விப்படும் விஷயத்துக்குப் பெரியவர்கள் சட்டென்று சரி சொல்வதில்லை.

படி 7: இப்போது ஸ்லைடு

அடுக்கு சரியாக இருந்தால் இது ஒரு மணி நேர வேலை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தலைப்பு ஒரு முழு வாக்கியம், படி 3இல் வைத்த பெயரே. அதன்கீழ் அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் மட்டும். தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழாக வரிசையாக வாசித்துப் பாருங்கள், முழுக் கதையும் புரிய வேண்டும். இடையில் "அதனால் என்ன?" என்று கேட்கத் தோன்றும் இடத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது.

தம்பியின் 22 ஸ்லைடு ஐந்தானது. பாதை வரைபடம் தப்பியது, ஆனால் அதில் 46 கடைகளும் ஒரே நிறத்தில் இருந்ததை மாற்றி, கடைசி 14ஐ மட்டும் சிவப்பாக்கினோம். மாவு புளிக்கும் அறிவியல் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால், கேட்டால் காட்ட.

படி 8: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கும் தயாராக இருங்கள்

மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. தொழிலே தெரியாத ஒருவரிடம், அக்காவிடமோ பக்கத்து வீட்டு மாமாவிடமோ, ஸ்லைடு இல்லாமல் சொல்லுங்கள். முடித்ததும், "நான் என்ன கேட்டேன், ஏன் கேட்டேன்?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்ல முடியாத இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

இருபது நிமிடம் என்று சொல்லியிருப்பார்கள், முன்னால் பேசியவர் இழுத்துவிடுவார், உங்களுக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும். அப்போது இருபது நிமிடப் பேச்சை வேகமாக ஓட்டாதீர்கள். விடை, மிக வலுவான ஒரு காரணம், வெளியே வரும் வழி. இந்த மூன்றையும் தனியாக ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். தம்பிக்கு அது 14 சிவப்புக் கடைகள். வெள்ளிக்கிழமை அவருக்குக் கிடைத்தது எட்டு நிமிடம். மூன்றாவது ஸ்லைடு தாண்டவில்லை. முதலாளி அந்த வரைபடத்திலேயே நின்று, எந்தெந்தக் கடை என்று பெயர் பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

கூட்டம் முடிந்த அன்றே, அரைமணி நேரத்துக்குள் முடிந்தால் இன்னும் நல்லது, நான்கு வரியில் ஒரு செய்தி அனுப்புங்கள்: என்ன முடிவானது, யார் செய்வார், எந்தத் தேதிக்குள், அடுத்து எந்த எண்ணை எப்போது பார்ப்போம். தம்பி அனுப்பியதில் நான்காவது வரி: "திரும்பி வரும் பாக்கெட் கணக்கைக் கடைவாரியாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்களுக்கு அனுப்புகிறேன் ஐயா."